இரண்டு வருடக் கெடு

ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கில் கிளப்புகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் டிரேட் வாரங்கள் அக்டோபரில் முடிந்த கையோடு ஒவ்வொரு கிளப்புக்கும் ஏ, பி, சி என்று ரேங்க் கார்டு போடுவது மெல்பர்ன் ஊடகங்களின் வருடாந்தரச் சடங்கு. வந்த ஆள் புது ஜெர்சியில் ஒரு பந்தைக்கூடத் தொட்டிருக்க மாட்டார், அதற்குள் மார்க் வந்துவிடும். 2025 முடிவில் என் கிளப்பான செயின்ட் கில்டாவுக்கு விழுந்தவை பெரும்பாலும் நல்ல மார்க்குகள்தான். டாம் டி கோனிங், ஜாக் சில்வானி, சாம் ஃபிளாண்டர்ஸ், லியாம் ரயன். ஒரே மாதத்தில் நான்கு பெயர் தெரிந்த ஆட்கள், அதுவும் அந்தப் பருவத்தில் ஒன்பதே ஆட்டங்களை ஜெயித்து 12-ஆவது இடத்தில் முடித்த கிளப்புக்கு. மூராபின் பக்கம் இருக்கும் செயின்ட் கில்டாக்காரர்கள் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன், ஆனால் அந்தச் சந்தோஷத்துக்குள் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. 2026 பருவம் தொடங்கப் போகிற இந்த நேரத்திலும் அது போகவில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

ஃபுட்டி பார்க்காத தமிழ் நண்பர்களுக்கு ஒரே ஒரு பத்தி, அப்புறம் விஷயத்துக்குப் போய்விடலாம். ஆஸ்திரேலிய ஃபுட்பாலில் ஐரோப்பியக் கால்பந்து மாதிரி காசைக் கொட்டி ஆளை வாங்க முடியாது. எல்லா கிளப்புக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. பள்ளி முடித்த பையன்களை டிராஃப்டில் வரிசை எண்படி எடுக்க வேண்டும், கடைசியில் வந்த அணிக்கு முதல் எண். இன்னொரு கிளப்பின் ஆள் வேண்டுமென்றால் அந்த எண்களையோ உங்கள் ஆட்களையோ கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே கிளப்பில் பல வருடங்கள் ஆடி ஒப்பந்தமும் முடிந்தவர்கள் ஃப்ரீ ஏஜென்ட். அவர்களை எண் எதுவும் கொடுக்காமலே கூட்டி வரலாம், போன கிளப்புக்கு லீக் ஓர் ஈட்டு எண்ணைக் கொடுத்துச் சமாதானம் செய்யும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

இதில் இன்னொரு விதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உச்சவரம்பு இருப்பது போலவே கீழ்வரம்பும் உண்டு. சம்பள ஒதுக்கீட்டில் குறைந்தது 95 சதவீதத்தைச் செலவழித்தே ஆக வேண்டும். மோசமான அணிக்கும் காசு கிடக்கும், நல்ல ஆட்கள் இல்லாததால் நடுத்தர ஆட்களுக்கே அதிகம் கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொண்டிருப்பார்கள். "செயின்ட் கில்டாவுக்கு இவ்வளவு காசு எங்கிருந்து வந்தது?" என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். காசு எப்போதும் இருந்தது, வாங்கிக்கொள்ள ஆள்தான் வரவில்லை.

முன்பு ஒரு முறை நடந்தது

இந்தக் கிளப்பின் வரலாறு தெரிந்தவர்களுக்கு 2025 அக்டோபர் புதிதல்ல. 2019-இலும் இதே மாதிரி ஒரு அக்டோபர் வந்தது. ஃபிரீமேன்டிலிலிருந்து பிராட்லி ஹில், ரிச்மண்டிலிருந்து டான் பட்லர், சிட்னியிலிருந்து ஸாக் ஜோன்ஸ், போர்ட் அடிலெய்டிலிருந்து பேடி ரைடரும் டூகல் ஹவர்டும். ஐந்து பேர். அப்போதும் நல்ல மார்க்தான். அடுத்த வருடமே அதற்குப் பலனும் கிடைத்தது. கோவிட் காலத்தில் குயின்ஸ்லாந்தில் ஆடிய அந்த 2020 பருவத்தில், 2011-க்குப் பிறகு முதல் முறையாக ஃபைனல்ஸுக்கு, அதாவது கோப்பைக்கான இறுதிச் சுற்றுகளுக்குப் போய், காபா மைதானத்தில் புல்டாக்ஸ் அணியை மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். அதே ஆட்டத்தில் ரைடர் தொடைத் தசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த வாரம் ரிச்மண்டிடம் தோல்வி. அவ்வளவுதான். அதற்கப்புறம் அந்த அணி மேலே போகவில்லை. 2022 இறுதியில், ஒப்பந்தம் நீட்டித்துச் சில மாதங்களே ஆகியிருந்த பயிற்சியாளர் பிரெட் ராட்டனை அனுப்பிவிட்டு, பழைய பயிற்சியாளர் ராஸ் லயனைத் திரும்பக் கூட்டி வந்தார்கள்.

அந்த ஐந்து பேரைத் தனித்தனியாகப் பார்த்தால் யாரும் மோசமில்லை. பட்லர் 2020-இல் அணியிலேயே அதிக கோல் அடித்தவர். ரைடர் வயதானாலும் வித்தை தெரிந்தவர். ஹில்லின் ஓட்டம் இன்றைக்கும் கண்ணுக்கு இனிமை. கோளாறு அவர்கள் மேல் இல்லை, அவர்களுக்குக் கீழே இருந்த அடுக்கில். முந்தைய வருடங்களின் டிராஃப்டில் அந்த அடுக்கு நிரம்பியிருக்க வேண்டும், நிரம்பவில்லை. 2013-இல் மூன்றாவது எண்ணில் ஜாக் பில்லிங்ஸ், நான்காவது எண்ணில் புல்டாக்ஸ் எடுத்தது மார்கஸ் பொண்டெம்பெல்லி. 2014-இல் முதல் எண்ணில் பேடி மெக்கார்ட்டின், இரண்டாவது எண்ணில் மெல்பர்ன் எடுத்தது கிறிஸ்டியன் பெட்ராக்கா. நாம் விட்ட இருவரும்தான் பெரிய நட்சத்திரங்கள் ஆனார்கள். இந்த இரண்டு ஜோடிப் பெயர்களையும் எந்தச் செயின்ட் கில்டாக்காரரும் தூக்கத்தில்கூடச் சொல்வார். மெக்கார்ட்டினைப் பற்றி ஏளனமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது, தலையில் அடி மேல் அடி வாங்கிய பையன் அவர், அதற்கு யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது. ஆனால் அன்றைக்கு அவரை எடுத்ததன் பின்னால் இருந்த யோசனையைப் பேசலாம். எங்கள் பெரிய ஃபார்வர்ட் நிக் ரீவோல்ட்டுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, அந்த இடத்துக்கு உயரமான ஃபார்வர்ட் வேண்டும், ஆகவே உயரமான ஃபார்வர்ட். எந்த இடம் காலியோ அந்த இடத்துக்கு ஆள் தேடுகிற பழக்கம். இருப்பவர்களில் யார் சிறந்த ஆட்டக்காரர் என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வந்தது.

2018-இல் டான் ஹானபரியைக் கூட்டி வந்ததும் இதே பழக்கம்தான். சிட்னியோடு பிரீமியர்ஷிப் கோப்பை வாங்கிய வீரர், அனுபவம் வேண்டும், தலைமை வேண்டும் என்று நீண்ட ஒப்பந்தம். நான்கு பருவங்களில் அவர் செயின்ட் கில்டாவுக்கு ஆடியது 18 ஆட்டங்கள். தசை ஒத்துழைக்கவில்லை, பாவம். இந்த மாதிரிக் கதைகளைக் கேட்டே பழகியவனுக்கு, நான்கு பேர் ஒரே மாதத்தில் வந்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

பிரிஸ்பேனைப் பாருங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். 2024-இலும் 2025-இலும் கோப்பை. வெளியிலிருந்து வந்த பெரிய பெயர்கள் நிறைய: சார்லி கேமரன், லாக்கி நீல், ஜோ டேனிஹர், ஜாஷ் டங்க்லி. ஆனால் அவர்கள் வந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஹியூ மெக்லக்கேஜ் 2016 டிராஃப்டில் வந்தவர், கேம் ரேனர் 2017-இல் முதல் எண். ஹாரிஸ் ஆண்ட்ரூஸ் அவர்களுடைய அகாடமியிலேயே வளர்ந்தவர். நீல் வந்து சேர்ந்தபோது அவரைச் சுற்றி ஓட இளைஞர்கள் இருந்தார்கள். நம்மிடம் 2019-இல் அது இல்லை.

இந்த முறை அது இருக்கிறது. ஏழெட்டு வருடங்களாக எனக்கு இருந்த சந்தேகம் முதல் முறையாகக் கொஞ்சம் அசைவது இங்கேதான். 2021-இல் 11-ஆவது எண்ணில் நாசியா வாங்கனீன்-மிலேரா. 2022-இல் 10-ஆவது எண்ணில் மட்டேயஸ் ஃபிலிப்பு. 2023-இல் 18-ஆவது எண்ணில் டார்சி வில்சன். 2024-இல் எட்டாவது எண்ணில் டோபி டிரவாலியா, 10-ஆவது எண்ணில் அலிக்ஸாண்டர் டவுரு. அந்த 2024 டிராஃப்டில் இவ்வளவு மேலே இரண்டு எண்கள் கிடைத்ததற்குக் காரணம், ஜாஷ் பேட்டில் ஃப்ரீ ஏஜென்டாக ஹாதோர்னுக்குப் போய்விட்டதற்கு லீக் கொடுத்த ஈடு. நல்ல பின்காப்பாளர் போனது அன்றைக்கு வலித்தது, ஆனால் டவுரு எகிறிப் பந்தைப் பிடிப்பதைப் பார்க்கும்போது அந்த வலி கொஞ்சம் குறைகிறது. அவரது சிவந்த தலைமுடியும் அந்தத் தாவலும் கிளப்புக்கு எவ்வளவு புது ரசிகர்களைக் கொண்டுவந்தன என்று ஸ்டேடியத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

ஜூலை 27

2025 ஜூலை 27, மார்வெல் ஸ்டேடியம். மூன்றாவது குவார்ட்டர் முடிவில் மெல்பர்ன் அணி 46 புள்ளி முன்னால். லீக்கின் நூற்றுச்சொச்ச வருட வரலாற்றில் அந்த நிலையிலிருந்து எந்த அணியும் ஜெயித்ததில்லை. எங்களுக்கோ இப்படிப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகள் பழக்கமானவை. ஆட்களில் பாதிப் பேர் கார் நிறுத்தத்துக்குக் கிளம்பும் நேரம். அப்புறம் நடந்ததை இன்னமும் ஒழுங்காக விவரிக்க வரவில்லை. ஒரு கோல், இன்னொரு கோல், பந்து திரும்பத் திரும்ப நம் பக்கமே வருகிறது. பின்களத்தில் ஆடிப் பழகிய வாங்கனீன்-மிலேரா நடுக்களத்திலும் முன்களத்திலும் ஓடுகிறார். சில நொடிகள் மிச்சம் இருக்கும்போது அவர் அடித்த கோலில் ஆட்டம் சமநிலை. சரி, டிரா என்று நினைத்தால், மத்தியில் பந்தைப் போடும்முன் மெல்பர்ன் ஆட்கள் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. ஆறு-ஆறு-ஆறு விதி மீறல், ஃப்ரீ கிக். ரோவன் மார்ஷல் உதைக்கிறார், வாங்கனீன்-மிலேரா பிடிக்கிறார், சைரன் ஒலிக்கிறது, அதற்கப்புறம் அவர் நிதானமாக உதைத்து கோல். ஆறு புள்ளியில் வெற்றி.

ஸ்டேடியத்தில் எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது எனக்குள் ஓடியது ஒரே பயம். இவர் போய்விடுவாரே. அன்று அவர் கையெழுத்திட்டிருக்கவில்லை. ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிகிறது. அடிலெய்டுப் பையன். குளெனெல்க் கிளப்பில் ஆடியவர். 1993-இல் லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கிய, அதை வாங்கிய முதல் பழங்குடி வீரரான கேவின் வாங்கனீனின் குடும்பத்தவர். ஊரில் இரண்டு பெரிய கிளப்புகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. ஊருக்குத் திரும்புகிறேன் என்று அவர் சொன்னால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்து குடியேறிய நாம் அதைச் சொல்லவே முடியாது.

ஆகஸ்டில் அவர் கையெழுத்திட்டார். இரண்டு வருடம், 2027 முடிய. வருடத்துக்கு இரண்டு மில்லியன் டாலர் என்று செய்திகள் சொல்லின. இந்த லீக்கில் அந்தக் கோட்டைத் தொட்ட முதல் ஆள் என்றும் எழுதினார்கள். 2025-இல் ஒரு கிளப் முழுக்கச் செலவிட அனுமதி இருந்ததே 17 மில்லியன் சொச்சம்தான் என்பதை வைத்துப் பார்த்தால் அது எவ்வளவு பெரிய தொகை என்று புரியும். ஆனால் எல்லோரும் தொகையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது என் கண்ணில் பட்டது அந்த 'இரண்டு வருடம்'. இந்தக் காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் ஆறு, ஏழு, எட்டு வருடம் என்று கையெழுத்திடுகிறார்கள். எங்கள் உயரமான ஃபார்வர்ட் மேக்ஸ் கிங் 2032 வரை செயின்ட் கில்டாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். இவர் இரண்டு. எனக்குத் தோன்றுவது, அது ஒரு நிபந்தனை. 'நான் இருக்கிறேன், ஆனால் நீங்கள் ஜெயிக்கிற அணியைக் கட்டுகிறீர்களா என்று பார்க்கிறேன்.' அவர் அப்படிச் சொன்னதாக எங்கும் இல்லை, இது என் ஊகம். ஆனால் அவர் கையெழுத்திடும் முன்பே டி கோனிங் வரப்போகிறார் என்ற பேச்சு ஊரெல்லாம் இருந்ததும், கையெழுத்துக்குப் பிறகு ஒருவர் மாற்றி ஒருவர் வந்து சேர்ந்ததும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஆகவே அந்த ரேங்க் கார்டுகளோடு எனக்கு இருக்கும் சண்டை இது. 2025-இல் செயின்ட் கில்டா சேர்த்த மிக முக்கியமான ஆள் அந்தப் பட்டியலிலேயே இல்லை. ஏற்கெனவே இருந்தவரைத் தக்க வைத்ததுதான் பெரிய கொள்முதல், மற்ற நால்வரும் அதற்காகக் கட்டிய தொகையின் பகுதி. அப்படியானால் அந்த நால்வரையும் அவரவர் ஒப்பந்தத்தின் முடிவில் மதிப்பிட்டுப் பிரயோஜனமில்லை. 2027 செப்டம்பர்தான் தேதி.

நால்வர்

டி கோனிங் விஷயத்தில் எனக்கும் ஒரு கார்ல்டன் நண்பருக்கும் ஓயாத தகராறு. யாழ்ப்பாணத்துக்காரர், தொண்ணூறுகளிலேயே இங்கே வந்தவர். 1995-இல் கார்ல்டன் கடைசியாகக் கோப்பை வாங்கியது அவருக்கு நேற்று நடந்த மாதிரி. "காசை என்ன செய்யிறதெண்டு தெரியாமத்தான் அவனை எடுத்திருக்கிறியள். ரக்குக்கு ஆராவது உவ்வளவு குடுப்பினமே?" என்பார். வருடத்துக்கு 1.7 மில்லியன் அளவு என்றுதான் செய்தி. ரக் என்பவர் பந்து மேலே போகும்போது எகிறித் தன் ஆட்களிடம் தட்டிவிடுகிறவர். பொதுவாக அந்த இடத்துக்கு இவ்வளவு காசு யாரும் கொடுப்பதில்லை, வயது முதிர்ந்த ரக்குகளைச் சல்லிசாக எடுத்துப் பிழைத்துக்கொண்ட அணிகள் உண்டு. நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டி கோனிங் இன்னும் முழுதாக விளையவில்லை. ஒரு வாரம் அடக்க முடியாத ஆட்டம், அடுத்த வாரம் தேட வேண்டும்.

ஆனால் இதில் ஒரு திருப்பம் வந்தது. 2026-இலிருந்து மத்தியில் பந்தைத் தரையில் அடித்து எழுப்பும் பழைய வழக்கம் இல்லை, நடுவர் மேலே எறிவார். அதோடு ரக்குகள் நடுக்கோட்டைத் தாண்டி எதிராளியோடு மல்லுக்கட்டவும் கூடாது. உடம்பை வைத்து முட்டித் தள்ளுகிற கனமான ரக்குக்கு இது நஷ்டம், ஓடி வந்து துள்ளுகிறவருக்கு லாபம். டி கோனிங் துள்ளுகிறவர். இது தெரிந்துதான் வாங்கினார்களா, அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்கிறேன், 1966-இல் ஒரே ஒரு கோப்பை, அதுவும் ஒரு புள்ளி வித்தியாசத்தில், அதைத் தவிர 27 முறை கடைசி இடம் என்றிருக்கும் கிளப்புக்கு ஒரு தடவையாவது அதிர்ஷ்டம் அடிக்கட்டும்.

சில்வானி பற்றி நண்பரிடம் வாதாடுவதே பாவம். தாத்தா செர்ஜியோ, அப்பா ஸ்டீபன், இவர் என்று மூன்று தலைமுறை கார்ல்டன். "எங்கட வீட்டுப் பிள்ளையையே தூக்கிக்கொண்டு போட்டியள்" என்று அவர் சொன்னபோது குரலில் விளையாட்டு இல்லை. எனக்கு நால்வரில் மிகவும் பிடித்த சேர்ப்பு இவர்தான். 2024 முழுவதையும் முழங்கால் காயத்தில் இழந்து, திரும்பி வந்து, முன்களத்திலிருந்து பின்களத்துக்கு மாறி, 2025-இல் நல்ல காப்பாளராக ஆனவர். பேட்டில் போன இடம் காலியாகத்தான் கிடந்தது. இங்கேயும் காலி இடத்துக்குத்தான் ஆள், மேலே நான் திட்டிய அதே பழக்கம். ஆனால் 18 வயதுப் பையனை ஓர் இடத்துக்காக எடுப்பதும், அந்த இடத்தில் ஆடிக் காட்டிய 27 வயதுக்காரரை எடுப்பதும் ஒன்றல்ல. எண் எதுவும் கொடுக்கவுமில்லை.

ஃபிளாண்டர்ஸ் கோல்ட் கோஸ்ட்டில் நடுக்களத்தில் அசத்திவிட்டு, பிறகு அங்கே நெரிசலில் ஓரம் ஒதுங்கியவர். கோல்ட் கோஸ்ட்டில் நெரிசல் இருக்கத்தான் செய்யும். 2023-இல் ஒரே டிராஃப்டில் முதல் சுற்றிலேயே தங்கள் அகாடமிப் பையன்கள் நான்கு பேரை எடுத்துக்கொண்ட கிளப் அது. பிரிஸ்பேனுக்கு, பழைய வீரரின் மகனை அதே கிளப் முன்னுரிமையில் எடுக்கும் அப்பா-மகன் விதியில் ஆஷ்கிராஃப்ட் சகோதரர்கள் இருவர், அதில் மூத்தவர் வில் இரண்டு கிராண்ட் ஃபைனலிலும் சிறந்த வீரர். வாரிசுகள் ஆள்வதைக் குறை சொல்லும் தகுதி நமக்கில்லை, விடுங்கள். ஆனால் கடைசியில் வந்தவனுக்கு முதல் எண் என்பது பெயரளவில்தான் என்று ஆகிவிட்டது, எங்கள் தலைவர் ஆண்ட்ரூ பாஸட் இதை மேடையிலேயே சொல்லிச் சண்டை போட்டார். போதாததற்கு 2028-இல் டாஸ்மேனியா புது அணியாக வருகிறது. அவர்களுக்கு டிராஃப்டில் சலுகைகள் போனதும் மற்றவர்களுக்கு மிஞ்சுவது இன்னும் குறையும். பொறுமையாகப் பையன்களை எடுத்து வளர்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

ரயனை எடுத்ததுதான் எனக்கு ஒட்டவில்லை. பறக்கிற ஆள் என்பதில் சந்தேகமே இல்லை. 2019-இல் மெல்பர்னின் மேக்ஸ் கானின் தோள்மேல் ஏறிப் பந்தைப் பிடித்ததுதான் வருடத்தின் சிறந்த 'மார்க்', அதாவது சிறந்த பிடி. 2018 கிராண்ட் ஃபைனலில், அவருடைய பழைய கிளப் வெஸ்ட் கோஸ்ட்டுக்காக டாம் ஷீட் அடித்த வெற்றி கோலுக்கு முன்னால் பந்தைக் கடைசியாக அனுப்பியவரும் இவரே. ஆனால் 29 வயது, எகிறுவதையே தொழிலாகக் கொண்ட உடம்பு. ஹானபரியைப் பார்த்த கண்ணுக்கு இது பயமாக இருக்கிறது. ஸ்டேடியத்தில் அவர் ஒரு தடவை எகிறிப் பிடித்தால் நானும் எழுந்து நின்று கத்துவேன், அது வேறு விஷயம்.

சீட்டில் எழுதாத விலை

இப்போது அந்த உறுத்தலுக்கு வருகிறேன். நான்கு பேர் உள்ளே வந்த அதே மாதத்தில் கேப்டன் ஜாக் ஸ்டீல் வெளியே போனார், மெல்பர்னுக்கு. கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியிலிருந்து 2016 முடிவில் வந்தவர். வந்தபோது யாரும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வாரமும் எதிரணியின் சிறந்த ஆளைக் கட்டிப் பிடித்து, அப்புறம் தானே சிறந்த ஆளாகி, லீக்கின் வருடாந்தரச் சிறந்த வீரர்களுக்கான ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம் பிடித்து, கிளப்பின் மிக இருண்ட வருடங்களில் முதுகில் சுமந்தவர். 30-ஐ நெருங்கிவிட்டார், வேகம் போய்விட்டது என்பதெல்லாம் தெரிகிறது. அணியைப் புதுப்பிக்கும்போது இப்படி நடக்கும் என்பதும் தெரிகிறது. ஆனால் எந்த மதிப்பெண் பட்டியலிலும் அவர் போனதற்கு யாரும் மார்க் குறைத்ததாக எனக்கு ஞாபகமில்லை. சம்பள இடம் காலியானது என்று பாராட்டியவர்கள்தான் உண்டு.

இரண்டாவது, மார்ஷல். ஜூலை 27 அன்று அந்தக் கடைசிப் பந்தை உதைத்தவர். டி கோனிங் வருகிறார் என்றதும் தன் இடம் என்னவாகும் என்று யோசித்திருப்பார், யார்தான் யோசிக்க மாட்டார்கள்? ஜீலாங்குக்குப் போக ஆசைப்பட்டார். ஒப்பந்தம் இருக்கிறது என்று கிளப் விடவில்லை. விடாதது சரியான முடிவு என்றே நினைக்கிறேன், நல்ல ரக்கை எதிரிக்குக் கொடுத்துவிட்டு ஒருவர் காலை நம்பி நிற்பது முட்டாள்தனம். ஆனால் போக நினைத்த ஓர் ஆள் திரும்பப் பயிற்சிக்கு வந்து, தன் இடத்துக்கு வந்தவரோடு தோளோடு தோள் நிற்கிற நிலைமையைச் சம்பாதித்துக்கொண்டோம். ஃப்ரீ ஏஜென்ட் என்ற பெயரில் 'ஃப்ரீ' என்று இருப்பதால் இலவசம் என்று நினைத்துவிடுகிறோம். டி கோனிங், சில்வானி இருவருக்கும் டிராஃப்ட் எண் போகவில்லை, உண்மைதான். போனது கேப்டன். கிட்டத்தட்டப் போயிருந்தது, ஐந்தாறு வருடமாக அந்த இடத்தைத் தாங்கிய ரக்.

ஒருவரை வைத்துக்கொள்வதற்காக நால்வரைக் கூட்டி வந்தார்கள், நால்வர் வந்ததால் ஒருவர் போனார், இன்னொருவர் போகப் பார்த்தார். இந்தக் கணக்கு லாபமா? ஜூலை 27-ஐ நேரில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், லாபம்தான். வாங்கனீன்-மிலேரா மாதிரி ஓர் ஆள் இந்தக் கிளப்புக்குத் தலைமுறைக்கு ஒருவர். 2025-இல் அவர் போயிருந்தால் ஃபிலிப்புவும் வில்சனும் தங்கள் ஒப்பந்தம் முடியும்போது யாரைப் பார்த்துத் தங்குவார்கள்? அந்த அடுக்கு முழுவதும் சரிந்திருக்கும். அதற்கு ஸ்டீல் விலை என்றால் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் விலை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும், சும்மா கிடைத்தது மாதிரிக் கொண்டாடக் கூடாது.

இவ்வளவு வாங்கியும் வாங்காத ஒன்று இருக்கிறது. கோல் அடிக்க உயரமான ஃபார்வர்ட். 2018 டிராஃப்டில் நான்காவது எண்ணில் வந்த மேக்ஸ் கிங் 2025-இல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. முழங்கால். அந்த அக்டோபரிலேயே கார்ல்டனின் சார்லி கர்னோ சந்தைக்கு வந்தார், சிட்னிக்குப் போனார், அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கத்தை இரண்டு தடவை வாங்கியவர். பெட்ராக்காகூட அந்த மாதம்தான் கோல்ட் கோஸ்ட்டுக்குப் போனார், 2014-க்கு இப்படி ஒரு பின்கதை. கர்னோவுக்குக் கேட்ட விலை நம்மால் முடியாதது என்பது சரி. கூப்பர் ஷார்மன் உழைப்பாளி, மிட்ச் ஓவன்ஸ் எங்கே நிறுத்தினாலும் ஆடுவார். மார்ஷலை முன்னால் நிறுத்தி இரண்டு ரக்கோடு ஆடலாம் என்பது ராஸ் லயனின் திட்டமாக இருக்கலாம். அது நடந்தால் மார்ஷலுக்கும் ஓர் இடம், ஃபார்வர்டுக்கும் ஓர் ஆள். மழை நாளில், பந்து தரையில் உருளும்போது இரண்டு நெட்டை ஆட்கள் திணறுவார்கள் என்பதையும் லயன் அறியாதவரல்ல.

கார்ல்டன் நண்பர் இதைத்தான் பிடித்துக்கொண்டார். "நாலு பேரை எடுத்தியள், கோல் அடிக்க ஆரை எடுத்தனியள்?" பதிலுக்குக் கிங்கின் முழங்கால் ஆறிவிட்டதாம் என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, மூன்று வருடமாக இதையே சொல்கிறீர்கள் என்றார். கிங் 2026-இல் 15 ஆட்டமாவது ஆடினால் இந்த நால்வரையும் எல்லோரும் புத்திசாலித்தனமான சேர்ப்பு என்பார்கள், ஆடாவிட்டால் டி கோனிங்கின் சம்பளத்தை வாராவாரம் பேப்பரில் அச்சடிப்பார்கள். இரண்டிலும் டி கோனிங் ஒரே மாதிரி எகிறிக்கொண்டுதான் இருப்பார். நண்பரும் நானும் இந்தப் பருவம் செயின்ட் கில்டா-கார்ல்டன் ஆட்டத்துக்குச் சேர்ந்து போவதாக இருக்கிறோம். டிக்கெட் என் செலவு, சில்வானியைப் பார்த்துக் கூச்சல் போடக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில். அவர் இன்னும் சம்மதிக்கவில்லை.